இலை மடிக்காதவர்

அவர் உட்கார்ந்தால் வாங்கு ஆடும். பிள்ளைக் காம்பராவின் முன் தாழ்வாரத்தில் உட்கார ஒரு நீள மர வாங்கு கிடக்கும். அதன் ஒரு முனையில் அவர் இருந்தால் மறுமுனையில் நான் வைத்த தேத்தண்ணிக் கோப்பை மெல்ல மெல்ல விளிம்புக்கு நகரும். அவருடைய வலது முழங்கால் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். "தம்பி, கால கொஞ்சம் சும்மா வைங்க, கோப்ப விழப் போகுது" என்பேன். உடனே இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடிப்பார். கால் நிற்கும். கை ஆடத் தொடங்கும்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவர் மனைவி இன்றைக்கும் என் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள். ஒரே கூரையில் வரிசையாகக் காம்பராக்கள் கட்டிய எங்கள் லயத்தில் நாங்கள் ஐந்தாம் காம்பரா, அவர்கள் ஆறு. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் இருமினால் அவளுக்குக் கேட்கும். அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு வாசிக்கும் பழக்கம் இல்லை என்ற தைரியத்தில்தான்.

எங்கள் தோட்டம் கித்துல்கலைக்கு மேலே இருக்கிறது. கீழ்ப் பாதி றப்பர், மேல் பாதி தேயிலை. அம்மாமார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. அதை நான் பத்தொன்பது வருசம் பார்த்துக்கொண்டேன். அவருடைய சின்ன மகள் என்னிடம்தான் வளர்ந்தாள்.

அவர் பால் வெட்டுகிறவர். விடிந்ததும் றப்பர் மலையில் இறங்கினால் பதினொரு மணிக்குள் பாலைச் சேர்த்து ஊற்றிவிட்டு, சாரத்தை மாற்றிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவார். அங்கே வெள்ளைக்காரர்களும் கொழும்புப் பிள்ளைகளும் காற்றடித்த படகில் ஏறி ஆற்றில் விளையாடுவார்கள். விளையாடி முடிந்த படகைத் தலையில் தூக்கி ரோட்டுக்கு ஏற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். நாலு பேர் தூக்குகிற படகை இவரும் இன்னொருவரும் மட்டுமே தூக்குவார்கள் என்று பேச்சு. நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் நம்பினேன். வரும்போது மகளுக்கு பிஸ்கட்டும் கையில் ஒரு கித்துல் கருப்பட்டித் துண்டுமாக வருவார். கருப்பட்டி அவருக்கு. நடந்துகொண்டே கடித்துத் தின்பார்.

அவருடைய சாப்பாடு தோட்டத்தில் பேர் போனது. கல்யாணமோ சடங்கோ திருவிழாவோ, அவர் இருக்கிற பந்தியில் பரிமாற நான் முந்தி நீ முந்தி என்று பொம்பளைகள் ஓடுவோம். மற்றவர்கள் இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துத் தடுப்பார்கள். அவர் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "போதுமா தம்பி?" என்று கேட்டால், "எலைய மடிக்கிறது எங்கிட்ட இல்லக்கா. போடுறவங்ககிட்ட இருக்கு" என்பார்.

ஒரு தடவை நான் சண்டைக்கே போனேன். "இப்பிடித் தின்னா வயிறு என்னாகும்? வேணாம்னு சொன்னா வாய் சுட்டுருமா?" என்று கேட்டேன்.

"குடுக்கிற கையை எப்பிடிக்கா நிப்பாட்டுறது?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது தெரியவில்லை. எந்த வீட்டில் எது கொடுத்தாலும் வாங்கினார். தூக்கச் சொன்னால் தூக்கினார், வெட்டச் சொன்னால் வெட்டினார். எங்கள் கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். என் வீட்டுக்காரர் கோழி கொத்துகிற மாதிரி நாலு பருக்கை தின்று எழுந்துவிடுகிறவர். அவருக்குச் சமைத்துப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். அதில் என்ன வெட்கம்?

ஆனால் தின்ற சோறு எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் மெலிந்துகொண்டே வந்தார். சட்டை தொங்கியது, கன்னம் ஒட்டியது. கண் மட்டும் பெரிதானது. எதையோ பார்த்துத் திடுக்கிட்டவர் மாதிரி இமை மேலேயே நிற்கும். பிள்ளைகள் "முழி மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் மழை என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஆளெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் மாதத்திலும் அவர் சட்டையில்லாமல் வாசல் படியில் வேர்வை துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி என்னிடம் வந்து, "நைட்டுல பக்கத்துல படுக்க ஏலாது அக்கா, அடுப்புப் பக்கம் படுத்த மாதிரி கொதிக்குது. காய்ச்சலான்னு கேட்டா எரிஞ்சு விழுறாரு" என்று சொன்னாள்.

எரிந்து விழுகிற மனிதரே இல்லை அவர். அதுவும் புதிதாக வந்ததுதான். ஒரு நாள் மகள் பால் கோப்பையைத் தட்டிவிட்டாள் என்று கதவை ஓங்கி உதைத்தார். கொஞ்ச நேரத்தில் அதே கதவில் தலையைச் சாய்த்து அழுதார். சுவர் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது.

கையும் கெட்டது. பால் வெட்டுகிறவனுக்குக் கைதான் எல்லாம். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே கத்தி படக் கூடாது. பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு கட்டிப் போகும். பதினாறு வருசம் ஒரு மரத்தையும் காயப்படுத்தாத அவருடைய கத்தி இப்போது மரத்துக்கு மரம் இறங்கியது. கணக்கப்பிள்ளை கை ஆடுவதைப் பார்த்துவிட்டு, "கசிப்பக் குடிச்சிட்டு மரத்தக் கொத்துறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். குடி வாடையே படாத மனிதர் அவர். கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றாராம்.

நான் என்ன செய்தேன்? வயிற்றில் புழு என்றேன். எனக்கு அப்படிச் சொல்லத் தகுதி இருப்பதாக நினைத்தேன். பிள்ளைக் காம்பரா வேலைக்கு என்னை எடுத்த புதிதில் இரத்தினபுரியில் பத்து நாள் ட்ரெயினிங் கொடுத்து ஒரு சான்றிதழும் தந்திருந்தார்கள். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால் என்ன கரைத்துக் கொடுப்பது, நிறை எப்படி நிறுப்பது என்று நாலு விசயம் தெரியும். லயத்தில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டத் தட்ட எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துப் போயிருந்தது. புழு மாத்திரை கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

முதன்முதலாகக் கால் செயலற்று விழுந்தது அவருடைய அக்கா மகள் சடங்குக்கு மறுநாள். முதல் நாள் ஆற்றில் நாலு படகு தூக்கிவிட்டு வந்து, கீழ் டிவிசனில் சடங்கு வீட்டில் மூன்று பந்திச் சாப்பாட்டை ஒரே இருப்பில் சாப்பிட்டிருந்தார். விடிந்ததும் சுவரில் மூன்று தட்டு. போனேன். பாயில் மல்லாந்து கிடந்தார்.

"அக்கா, ரெண்டு காலையும் யாரோ களவெடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று சிரித்தார். நெற்றியில் வேர்வை.

தொடையைக் கிள்ளினேன். "வலிக்குது அக்கா. உணர்ச்சியெல்லாம் இருக்கு. எந்திரிக்கத்தான் மாட்டேங்குது" என்றார். காலைத் தூக்கிவிட்டால் ஈரச் சாக்கு மாதிரி சரிந்தது.

எங்கள் லயத்துக்கு வாகனம் வராது. ரோட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம். நடக்க முடியாதவரைக் கோயிலின் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சு வலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கதிரைதான். தூக்கப் போகிறவர்களுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அரை நாள் வேலை போனது போனதுதான். அதை யாரும் சொல்லிக்காட்டக் கூடாது என்பது எங்களுக்குள் இருக்கிற ஒழுங்கு.

நாலு பேர் தூக்கினார்கள். போகிற வழியெல்லாம் அவர் ஊர்வலம் போகிற சாமி மாதிரி இரண்டு பக்கமும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தாராம். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே கால் விரல் அசைந்தது. டாக்டர் பார்க்கும் நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு, கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தானே ஏறி வந்தார். லயமே வாசலில் நின்று சிரித்தது. தூக்கிப் போன நாலு பேரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது தடவை தீபாவளிக்கு மறுநாள். அன்றைக்கு ரோட்டில் திரீவீலில் ஏற்றும்போதே ஒரு காலை ஊன்றினார். திரீவீல் ஓட்டுகிற சிங்களப் பையன் எங்கள் ஆட்களைப் பார்த்து, "மெயா ஹொந்தட்ட எவிதினவா நே" என்றானாம். இவர் நன்றாகத்தானே நடக்கிறார் என்று ஒரு வெளியாள் கேட்டது எங்கள் ஆட்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பிறகு அவருக்கு 'ஊர்வலம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. கங்காணி, காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் வைத்தே, "வேலைக்குக் கள்ளம். மரத்தக் காயப்படுத்துனது புடிபட்டதும் காலு விழுது, மத்தியானம் சோத்துக்கு எந்திரிக்குது" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். விழுவது மட்டும்தானே நோய்க்கு அழகு, எழுந்து நடக்கிற நோயை யார் நம்புவார்?

மூன்றாவது தடவை அவர் மனைவி ஆட்களைக் கூப்பிடவில்லை. வெட்கம். சுவரில் மூன்று தட்டு மட்டும். நான் போனேன். பார்த்தேன். இவ்வளவு ஓடுகிற உடம்பு, சத்து இறங்கியிருக்கும் என்று தோன்றியது. பிள்ளைக் காம்பராவில் குளுக்கோஸ் டின் இருந்தது. சோர்ந்து போகிற பிள்ளைக்கு ஒரு கரண்டி கரைத்துக் கொடுப்போம். வளர்ந்த ஆளுக்கு மூன்று கரண்டி என்று கணக்குப் போட்டு, வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன். பத்தரை மணிக்கு எழுந்து நடந்தார்.

நான் எழுப்பினேன் என்று நினைத்தேன். நான் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பார் என்பதை அறிய எனக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அன்றைக்கு அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அக்கா, நீங்க இல்லன்னா எங்க கதி என்ன?" என்றாள். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். மூன்று தட்டு, மூன்று கரண்டி, மத்தியானத்துக்குள் நடை. லயத்தில் என்னை டாக்டரம்மா என்று கேலி செய்தார்கள். கேலிதான், ஆனால் எனக்கு இனித்தது. கதிரை கோயில் மூலையில் கிடந்தது.

மாதம் ஒரு தடவை பிள்ளைகளை நிறுக்க மிட்வைஃப் நோனா வருவார். சிங்களப் பெண். எங்கள் தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார். ஒரு மாதம் நோனா வந்து பிள்ளையை நிறுத்துக்கொண்டிருந்தபோது தம்பி வாங்கில் உட்கார்ந்திருந்தார். வாங்கு ஆடியது. நோனா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு கடுதாசியை வைத்தார். கடுதாசி படபடவென்று அடித்தது.

"இது தைரொயிட் மாதிரி இருக்கு. பிளட் செக் பண்ணணும். பெரியாஸ்பத்திரி. தள்ளிப் போட வேணாம், சரியா, ஹரித?" என்று சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை என்று நாளும் போட்டார். கால் விழுகிற விசயத்தை அவர் நோனாவிடம் சொல்லவில்லை. கேலிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். நானாவது சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் நானே வைத்தியம் பார்த்துவிட்டேனே என்ற நினைப்பு எனக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள். ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றுவதும் விறகு பிளப்பதும் சோற்றுக் கிடாரம் தூக்குவதும் வருசா வருசம் அவர் வேலை. திங்கட்கிழமை பின்னேரம் அவர் மனைவி என் வாசலில் வந்து நின்று, "அக்கா, நாளைக்குப் போகணும், இவரு யோசிக்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அவரும் பின்னால் நின்றார். நான் சொல்கிறதை அவர் கேட்பார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ரத்தம் எங்க ஓடிறப் போகுது? திருவிழா முடிஞ்சு அடுத்த செவ்வாய் போங்க. இவரு இல்லாம அந்தக் கிடாரத்த யாரு தூக்குறது?" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். துண்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள்.

திருவிழா அன்றைக்கு அவர் காலையிலிருந்து நிற்கவில்லை. சட்டையில்லாத முதுகில் எலும்பு எண்ணலாம், ஆனாலும் சோற்றுக் கிடாரத்தை இறக்கினார். கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, அப்பளம். நான் பாயாச வாளியை எடுத்து வந்தேன். ஒரு அகப்பை, இரண்டு அகப்பை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். 'ஊர்வலம்' என்று கேலி பேசிய வாய்களே, "போடுங்க, போடுங்க" என்றன. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்தார். உதட்டோரம் துடித்துக்கொண்டிருந்தது. வாளி காலியானதும் நான்தான், "மடிங்க தம்பி" என்றேன். மடித்தார்.

மறுநாள் விடியும்போது சுவரில் தட்டு. மூன்றல்ல, தொடர்ந்து தட்டினாள்.

இந்தத் தடவை கால் மட்டுமல்ல. கை இரண்டும் பாயில் கிடந்தன. தலையைத் தூக்கி மடியில் வைத்தால் கழுத்து ஒரு பக்கம் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கண் மட்டும் அகலத் திறந்து என் முகத்திலேயே இருந்தது.

"அக்கா, ஆளுகளக் கூப்பிடவா? துண்டும் இருக்கு, பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போயிருவோம்" என்றாள் அவள். பெரியவள் ஒரு மூலையிலும் சின்னவள் ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்து மணிக்கு எந்திரிச்சிருவாரு. சும்மா ஆளுகளக் கூப்பிட்டு ஏன் பேச்சு வாங்கணும்? நேத்து ஒழைச்ச ஒழைப்புக்குக் கூடுதலா சத்து எறங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். இந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்க முடிந்தால் மறந்திருப்பேன்.

கூடுதலாக இறங்கியிருக்கிறது என்பதால் மூன்று கரண்டிக்குப் பதில் ஐந்து போட்டேன். பால்மா பெட்டியோடு வந்த பெரிய டம்ளர் நிறைய. கை வராததால் நானே தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினேன். முதல் டம்ளர் முடிந்து இரண்டாவது கரைத்து வந்தேன். பாதியில் அவர் உதட்டை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, சத்தமே வராத குரலில் சொன்னார்.

"போதும் அக்கா."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "பாருங்க, இவரு வாயில இந்தச் சொல்லு வருதே" என்றாள். நானும் சிரித்தேன்.

"இன்னும் ஒரு வாய்தான் தம்பி. எனக்காகக் குடிங்க" என்றேன்.

குடித்தார். கொடுக்கிற கையை நிறுத்தத் தெரியாத மனிதர், ஒரே ஒரு தடவை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் விழுங்கியது கடைவாயில் வழியத் தொடங்கியது. மூச்சு நெஞ்சில் ஏறாமல் தொண்டையிலேயே நின்று நின்று வந்தது. அப்போதுதான் நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் பெரட்டுக் களத்துக்கு ஓடினாள். அங்கே ஒருவர், "பத்து மணிக்குக் கதிரையோட வருவான், போம்மா" என்று சொன்னாராம். அவள் மண்ணில் விழுந்து கும்பிட்ட பிறகு நாலு பேர் வந்தார்கள். கதிரையில் உட்கார வைத்தால் சரிந்தார். சேலையால் நெஞ்சைக் கதிரையோடு சேர்த்துக் கட்டினோம். முக்கால் மணி நேர வழியை அரை மணிக்குள் ஓடி இறங்கினார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் வயர் எல்லாம் பூட்டி, ஊசி போட்டு, நெஞ்சை அமுக்கி, எல்லாம் செய்தார்கள். பதினொன்றரைக்கு முடிந்தது.

ஒரு சின்ன வயது டாக்டர், முஸ்லிம் பிள்ளை, நல்ல தமிழ். என்னைச் செத்தவருடைய அக்கா என்று நினைத்து ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னாள். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது கட்டுமீறி வேலை செய்தால் உடம்பு தீயாய் எரியும், எவ்வளவு தின்றாலும் மெலியும், கை நடுங்கும், கண் பிதுங்கும், கோபம் வரும். சில ஆம்பளைகளுக்கு நரம்பும் சதையும் இப்படித் திடீரென்று செத்துப் போன மாதிரி ஆகுமாம். கடுமையாக உழைத்து, மாவும் இனிப்புமாக நிறையச் சாப்பிட்டுத் தூங்கி எழும்பும்போது, இரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் என்ற உப்பெல்லாம் சதைக்குள் போய்விடுமாம். கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்துவிட்டால் எழுந்து நடப்பார்களாம். கூடிப் போனால் மூச்சும் இருதயமும் நின்றுவிடுமாம். மாத்திரை இருக்கிறதாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் பிடித்திருக்கலாமாம்.

"காலையில என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி" என்றேன்.

"சீனி போட்டா?"

"கொஞ்சம்."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, "அடுத்த முறை யாருக்காவது இப்படி ஆனா இனிப்பு மட்டும் குடுத்திடாதீங்க அம்மா. அது இன்னும் கூட்டிடும்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அந்தப் பிள்ளை பாவம், என்னைத் தேற்றத்தான் அவ்வளவு நேரம் பேசினாள். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவளிடம் நான், "நெஞ்சு நின்னுருச்சாம்" என்று மட்டும் சொன்னேன்.

தூக்கிப் போன நாலு பேர்தான் அவரைத் திரும்பவும் லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். கங்காணி பிணத்தின் காலைத் தொட்டுவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நம்பாமல் இருந்தார், அவ்வளவுதான். நம்பியவள் நான்.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் போட்டு, சூடம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம். அவர் வந்து சாப்பிடுவதற்கு அந்த நேரம். லயத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஒன்று வந்தது. பலகாரம், பாயாசம், கருப்பட்டி. அவர் மனைவி வெள்ளைச் சேலையில் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் போடணும் அக்கா. நீங்க போட்டாத்தான் அவரு நல்லாச் சாப்பிடுவாரு" என்றாள்.

போட்டேன். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி. சோறு இலைக்கு வெளியேயும் விழுந்தது. முடித்து நிமிர்ந்தபோது அவள் கையில் குளுக்கோஸ் டின் இருந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள்.

"இதையும் ஒரு டம்ளர் கரைச்சு வச்சிருங்க அக்கா. கடைசியா அவரு வாயில போனது இதுதானே. நீங்க அன்னைக்கு அவ்வளவு பாடுபட்டீங்க, அவரு விதி, ஒங்க கையால குடிச்சிட்டாவது போனாரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைவலி என்றால் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். எனக்கு என்ன மிஞ்சும் என்றுதான் யோசித்தேன். டின்னை வாங்கினேன். அதே பால்மா டம்ளர். ஐந்து கரண்டி போட்டுக் கரைத்தேன். வேறு எண்ணிக்கை கைக்கு வரவில்லை.

சூடம் காட்டி, கதவைச் சாத்தி, வெளியே நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு அவள்தான் கதவைத் திறந்து முதலில் உள்ளே போனாள். குனிந்து இலையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அவர் போன பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன். கொறைஞ்சிருக்கு. குடிச்சிருக்காரு."

நான் போய்ப் பார்த்தேன். டம்ளர் நான் வைத்த மாதிரியே இருந்தது.

"ஆமா" என்றேன்.

இலையை மடிக்கச் சொல்லி என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். போட்டவள் நான்தானே. மடித்தேன்.